மந்திரவாதிக்கும் மூச்சு வாங்கட்டும்

பெடாஸ் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுபவர் அவர். மேலிருந்து குலை விழுமென்ற பழக்கத்தில், கூரைக்கடியில்கூட அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டை ஞாயிறுகளில் நடத்துகிறேன். ஒருநாள் ஆள் குறைந்ததால் அவரும் சேர்ந்தார். அவருடைய வீரனுக்கு, அவர் குலை வெட்டுவது போன்ற நீளக் கம்பு அரிவாளும், சுற்றுக்கு மூன்று வெட்டும் கொடுத்தேன்.

“மூணா? தோள் கழண்டுரும் லா தம்பி! ஒண்ணு வெட்டினா மூச்சு வாங்கணும்.”

“அப்புறம் இன்னொருத்தர் ஆடுற மந்திரவாதிக்குச் சமமா நிக்க முடியாதுண்ணே.”

“அப்ப அவனுக்கும் மூச்சு வாங்கட்டும்!”

மேசையே அதிரச் சிரித்தோம். எல்லாருக்கும் மூச்சு வாங்கும்படி விதியை மாற்றினேன். சண்டை முடிந்து எல்லா வீரர்களும் களைத்து மரத்தடியில் உட்கார்ந்ததும், மேலிருந்து டிராகனை இறக்கினேன்.

“என் ஆளு உக்காரல தம்பி. மேல பாத்துட்டான்ல!”

அந்தத் திறமைக்கு எத்தனை புள்ளி போடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.