அப்பாவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

நேற்று சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி கிர்ரென்று அதிர்ந்துகொண்டே வந்தது. 2006-இல், கடலூரில் நான் ஏழாவது படித்தபோது, அப்பாவும் தன் கிடாரில் இப்படியொரு சத்தம் வருகிறது என்பார். சத்தம் பெரிதாகக் கேட்க நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு வைத்த கிடார் அது.

அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. "உனக்காவது கேக்குதாம்மா?" என்றார் அப்பா என்னிடம். எனக்கும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும், "கேக்குதுப்பா" என்றேன்.

அதை நம்பி தினமும் தகட்டின் மேலிருந்த மூடியைக் கழற்றி ஸ்க்ரூக்களை முறுக்கினார். ஒருநாள் தகடு கிழிந்துபோனது.

பிறகுதான் அவரைப் பரிசோதித்த டாக்டர், இரைச்சல் கிடாரில் இல்லை, அவர் காதில் என்றார். வருஷக்கணக்கில் ஃபேக்டரி மெஷின் பக்கத்தில் நின்ற காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார். "உனக்கும் கேக்குதுன்னு சொன்னியேம்மா?"

நான் அழுதுவிட்டேன். அப்பா திட்டவில்லை. அதன்பிறகு எந்தக் கிடாரையும் தொடவுமில்லை.