ஊர் வரலாற்றில் ஒரு நாய்

இல்ஃபோர்டிலிருந்து விடியற்காலையில் கார் ஓட்டி, லண்டனைத் தாண்டிப் போய் ஒரு கிராமத்தில் கடை நடத்துகிறோம். அந்த ஊருக்கு இருப்பது அந்த ஒரு கடைதான். அதை விற்றுவிட்டு வீட்டுப் பக்கமாக ஒன்றைப் பார்ப்போம் என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன், மனைவி கேட்டால்தானே. அந்தச் சனம் தன்னை ஊராளாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது அவளுடைய நம்பிக்கை. குட்மோர்னிங் சொன்னவனெல்லாம் மைத்துனன் ஆகிவிடுவானா?

அந்த ஊருக்கு வரலாற்றுக் குழு ஒன்று உண்டு. ஏதோ ஓர் அரசனின் குதிரை தண்ணீர் குடித்த குட்டையும் கூரை ஒழுகும் தேவாலயமும்தான் வரலாறு. குதிரை குடித்ததை யார் பார்த்தது என்று கேட்டால் முகம் கோணும். குழுவில் பாதிப் பேர் நாங்கள் கடையை எடுத்த பிறகு பென்ஷனோடு குடிவந்தவர்கள். வெட்கமில்லாமல் 'நம் முன்னோர்கள்' என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

போன கோடையில் ஊர் மண்டபத்தில் படக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லி, கடையையும் படம் எடுத்துப் போனார்கள். கல்லாவுக்குப் பின்னால் மனைவி நிமிர்ந்து நின்று சிரித்தாள். நம்மவரின் படத்தை மேடையேற்றுகிறார்கள் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? கண்காட்சியன்று நோர்பரியிலிருந்து அவளுடைய அக்கா குடும்பம் வான் வண்டியில் வந்து இறங்கியது. காஞ்சிபுரம் சேலை, பதக்கச் சங்கிலி, தட்டுத் தட்டாகப் பொரித்த பற்றிஸ். அரைக் காற்சட்டையோடு நின்ற வரலாற்றாசிரியர்கள் கல்யாணம் எங்கே என்று விசாரித்தார்கள். பற்றிஸை மட்டும் விசாரணையில்லாமல் தின்றார்கள்.

படம் பெரிதாகவே இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்; முன்னால் குழுத் தலைவரின் நாய் படுத்திருந்தது. அதன் பெயர், வயது, சாதி, தினமும் கடைக்கு வந்து பிஸ்கட் தின்னும் பழக்கம் எல்லாவற்றையும் கீழே எழுதியிருந்தார்கள். அந்த பிஸ்கட்டைக் கொடுக்கிறவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மனைவி அதை வாசித்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று என்னைக் கேட்டார்.

அந்த ஊரைக் கிழித்துத் தோரணம் கட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்காது. மனைவி என்னைப் பார்த்தாள்.

"இவ இல்லாட்டி எங்கட ஊரில்லை எண்டு எழுதியிருக்கிறாங்கள், அக்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போனில் படம் எடுத்தார். மனைவி சிரித்துக்கொண்டே நின்றாள்.

அவர்களை வழியனுப்பிவிட்டுக் காரில் ஏறியதும் சொன்னாள்:

"கடையை வித்துப்போடுவம். வேணுமெண்டா நாய் நடத்தட்டும்."

இத்தனை வருடம் நான் கேட்டது கையில் வந்து விழுந்தது. எனக்குத் துளிகூடச் சந்தோஷம் வரவில்லை. அதுவரை கேலி மட்டும் செய்துவந்த அந்த ஊரை அன்றைக்குத்தான் நான் வெறுத்தேன்.