மடிப்புக்கு ஒரு கட்டைவிரல்

எந்த இருக்கையானாலும், உட்காருவதற்கு முன்னால் அதன் தையலைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பது இஷாக்கின் வழக்கம். பஸ்ஸில் பார்ப்பார், சலூனில் பார்ப்பார், பல் வலியோடு டாக்டரிடம் போனாலும் பார்ப்பார். நசீம் பானுவைப் பெண் பார்க்க வந்த அன்றும் அதைத்தான் செய்தார். மாப்பிள்ளை எப்போது நிமிர்வார் என்று அவள் கதவுக்குப் பின்னால் காத்து நிற்க, அவரோ சோபாவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள நார் அமுங்கிப் போச்சு மாமா. கல்யாணம் முடியட்டும், நானே பிரிச்சுத் தச்சுத் தாரேன்" என்று அவளுடைய அத்தாவிடம் சொன்னார்.

அந்தச் சோபா சீரோடு சேர்ந்து பேகம்பூர் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தது. அதே கூடத்தில் பிறந்து வளர்ந்த மகள் ஷமா இப்போது காலேஜே முடித்துவிட்டாள்.

பழனி ரோட்டில் இஷாக்கின் சீட் பட்டறை. பஸ், வேன், ஆட்டோ என்று எது வந்தாலும் அவர் கை பட்ட சீட் இரண்டு தீபாவளி தாண்டும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு காலேஜ் வாசலில் 'நாட்' என்ற ரகத்தைச் சேர்ந்த பழைய குட்டிப் போர் விமானம் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். அதன் சீட்டைத் தைக்க இவரைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்த்தார். செத்த நேரம்தான். வாட்ச்மேன் வந்து இறக்கிவிட்டுவிட்டார்.

"அம்புட்டுச் சின்ன இடம் பானு. அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு. அதை நம்ம வீட்டுல செய்யப் போறேன்" என்றார் அன்று சாப்பிடும்போது.

"பறக்கவா?"

"பறக்கிறதுக்கு யாரு செய்வா. உக்கார."

பட்டறையில் ஒரு பஸ் போனால் மறு பஸ் வந்து நிற்கும், மாதக்கணக்கில் பரப்பி வைத்துச் செய்ய இடமில்லை. அதனால் சோபா அடுப்படி ஓரத்துக்குப் போக, விமானி உட்காரும் முன்பகுதி மட்டும் முழு அளவில் கூடத்தில் எழும்பத் தொடங்கியது. விமானப்படையில் விமானங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற ராயப்பராஜ் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து நேரே வருவார். ப்ளைவுட் பலகையில் ஒவ்வொரு வளையத்தையும் இடப்பாதி, வலப்பாதி என்று பென்சிலால் வரைந்து கொடுப்பார். மற்ற நாட்களில் இஷாக் அவற்றை அறுத்து, நடுவில் ஒட்டி, மேலே அலுமினியத் தகடு போர்த்துவார். முடிந்ததும் பட்டறை மூலைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. வரைபடத்தின் அகலத்தைவிட வாசல் ஒரு விரல் அதிகம் என்று முதல் நாளே அளந்து வைத்திருந்தார்.

நசீம் பானு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நோன்புக்கு முன்னால் கூடம் அவளுக்கு வேண்டும். ரமலான் மாதம் முழுக்கத் தெருப் பெண்கள் இரவில் தராவீஹ் தொழுவது அவள் வீட்டுக் கூடத்தில்தான். மாமியார் காலத்துக்குப் பிறகு அவளாக ஏற்று நடத்துவது அது ஒன்றுதான். தெருக்கோடி வீட்டு பாஸிலா புதிதாக மார்பிள் போட்டுக் கட்டியிருந்தாள். "ஒங்களுக்குச் சிரமம்னா இந்த வருசம் நம்ம வீட்டுல வச்சுக்கலாம் அக்கா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் போனால் திரும்பி வராது என்று நசீம் பானுவுக்குத் தெரியும்.

பிறை தெரிவதற்கு மூன்று நாள் இருக்கும்போது ஆட்டோக்காரர்கள் நாலு பேர் வந்து தூக்கினார்கள். மூக்கு வாசலைத் தாண்டியது. இடுப்பு மாட்டிக்கொண்டது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், வரவில்லை. வெளியே இருந்தவர்கள் வெளியே, உள்ளே இருந்தவர்கள் உள்ளே.

தெருவில் சிரிப்புக் கிளம்பியது. "பானு அக்கா, நோன்புக்கு வாரவங்க டிக்கெட் எடுக்கணுமா?" என்று யாரோ கேட்டார்கள். பாஸிலாவும் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அதுதான் நசீம் பானுவுக்குப் பொறுக்கவில்லை.

"நிலையைப் பேத்துருவோம் பாய்" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"ஒரு கல்லுகூடப் பேக்க வேண்டாம்" என்றார் இஷாக். குரலில் கலக்கமே இல்லை. "கணக்குச் சரி. எங்கயோ கை தப்பிருக்கு. உள்ள இழுங்க, பாப்போம்."

ராயப்பராஜுக்கு ஆள் போனது. அவர் வந்து டேப்பை வைத்து அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நான் வரைஞ்சது இம்புட்டு இல்லையே பாய்."

விமானியின் தலைக்கு மேல் கவிழும் கண்ணாடி மூடி இதுவரை சரியாக உட்காராததற்கும் இதுவே காரணம் என்று தெரிந்தது. ஆனால் எங்கே கூடியது என்று மட்டும் தெரியவில்லை.

நசீம் பானு டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே தலையை நுழைத்தாள். வளையத்தின் இரு பாதிகளும் ஒட்டிய இடத்தில் ராயப்பராஜின் பென்சில் கோடு அப்படியே இருந்தது. பலகை கோட்டோடு முடியவில்லை; கோட்டைத் தாண்டி ஒரு கட்டைவிரல் போய், அதன் பிறகே அறுபட்டிருந்தது. அடுத்த வளையம், அதற்கடுத்தது, எல்லாம் ஒரே மாதிரி. ஆள் வராத நாட்களில் பட்டறையில் இஷாக்குக்கு ரெக்சின் வெட்டிக் கொடுத்தவள் அவள். கோடு தையலுக்கு, வெட்டு அதற்கு வெளியே. அவள் தலையை வெளியே எடுத்தாள்.

"ஏங்க, மடிப்புக்கு விட்ருக்கீங்க."

"என்னது?"

"பாதிக்கு ஒரு கட்டைவிரல். தோலுன்னா மடிச்சுத் தைக்கலாம். மரத்தை எங்க மடிப்பீங்க?"

இஷாக் உள்ளே எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை. கோட்டுக்கு வெளியே கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார்.

"இப்ப என்ன செய்யலாம் அத்தா?" என்றாள் ஷமா.

"சீட்டு பெருசாப் போனா என்ன செய்வாரு ஒங்கத்தா?" என்றாள் நசீம் பானு. "தையலைப் பிரிச்சு, கூடுனதை வெட்டிட்டு, திரும்பத் தைப்பாரு. நடுத்தையலைப் பிரிங்க. மிச்சத்தை அப்புறம் பேசலாம்."

தகட்டின் ஆணிகளைக் கழற்றி, ஒட்டிய இடத்திலேயே நீளவாக்கில் அறுத்தார்கள். பக்கத்துக்கு ஒரு கட்டைவிரல் குறைந்தது. இரண்டு பாதிகளும் பிறை தெரிந்த அன்று மாலை அஸர் தொழுகைக்கு முன்னால் வாசலை உரசாமல் வெளியேறின. பட்டறையில் வைத்து மறுபடி ஒட்டியபோது கண்ணாடி மூடி சத்தமில்லாமல் வந்து பொருந்தியது. முதலில் ராயப்பராஜை உட்கார வைத்தார்கள். எத்தனையோ விமானிகளுக்குப் பெல்ட் மாட்டிவிட்ட மனிதர், தனக்கு மாட்டத் தெரியாமல் தடுமாறினார். இஷாக் குனிந்து மாட்டிவிட்டார்.

மரத்தூளைக் கூட்டித் தள்ளிக் கழுவிய கூடத்தில் அன்று பாய்கள் விரிந்தன. முதல் வரிசையில் பாஸிலா வந்து நின்றாள்.

சோபா மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தொழுகைக்கு மட்டும் சுவரோரம் நகரும். பட்டறையில் இருக்கும் விமானச் சீட்டை இஷாக் இதுவரை மூன்று தடவை பிரித்துத் தைத்துவிட்டார். பெருநாளுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தவர் சோபாவில் உட்காரப் போனார். தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"உள்ள நார் அமுங்கிப் போச்சு பானு. பெருநாள் முடியட்டும், நானே பிரிச்சுத் தச்சுத் தாரேன்."

"தைங்க" என்றாள் நசீம் பானு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே.