மூன்றாவது ஸ்டூல்

1. முதல் லேப்

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஒரு ஆர்ட்ஸ் காலேஜின் கம்ப்யூட்டர் லேபில் அட்டெண்டர் வேலை கிடைத்ததை அல்லாஹ்வின் கிருபை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். காலையில் பூட்டைத் திறந்து, பிஸ்மி சொல்லி, மெயின் ஸ்விட்சைப் போடுவேன். தூசி தட்டுவது, பிரிண்டருக்குப் பேப்பர் வைப்பது, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுவது, இவ்வளவுதான் வேலை. புரோகிராம் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ரிட்டயர் ஆகி மூலக்குளத்து வீட்டில் இருக்கிறேன். புதிதாக லேப் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல ஒரு விஷயம் உண்டு. அமுதா என்ற பெண்ணின் விஷயம் அது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் படித்தால் வேலை நிச்சயம் என்று ஊரே நம்பிய காலம். முதல் வருஷ பி.எஸ்ஸி. வகுப்பு நிரம்பி வழிந்தது. சிஸ்டம் போதவில்லை. சி புரோகிராமிங் எடுத்த ரேவதி மேடம் ரோல் நம்பர்படி ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேரை உட்காரவைத்தார்.

சுவரோரம் இருந்த சிஸ்டத்தில் அலெக்ஸ், அனிதா, அமுதா. அலெக்ஸ் சொல்தா வீட்டுப் பையன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். அவன் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அமுதா கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அன்று அவள் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உண்டியல் எங்கன்னு கேக்கப் போறா பாரு," என்றான் அலெக்ஸ்.

"ஒங்க வூட்டுல சாமி தெனம் தரிசனம் குடுக்குது. எனக்கு இன்னிக்கித்தான் நட தொறந்துது," என்றாள் அவள்.

லேபே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார்.

2. கம்பைலர்

வேகமாக அடிக்கத் தெரிந்த அலெக்ஸ் நடுவில் உட்கார்ந்தான். அனிதா நோட்டைப் பார்த்து வாசிப்பாள். மூன்றாவது ஸ்டூல் அமுதாவுக்கு. அங்கிருந்து திரை பாதிதான் தெரியும். கழுத்தை நீட்டிக்கொண்டே இருப்பாள்.

ஆனால் தப்பைக் கண்டுபிடிப்பது அவள்தான். ரன் கொடுப்பதற்கு முன்பே, "அலெக்ஸு, லூப்பு ஒரு தடவ கூடப் போவும், அந்த ஈக்வல எடுத்துடு," என்பாள். அவன் கேட்க மாட்டான். ரன் பண்ணுவான். ஒரு வரி கூடுதலாக வந்து நிற்கும்.

"சரிம்மா கம்பைலரு, எடுத்துட்டேன்," என்பான்.

புரோகிராமில் தப்பைப் பிடித்துச் சொல்லும் சாஃப்ட்வேருக்குப் பேர்தானாம் கம்பைலர். அந்தப் பேர் அவளுக்கு நிலைத்துவிட்டது. அவுட்புட் வந்தால் மூன்று பேருக்கும் மார்க். பாடம் ஓட வேண்டிய அவசரத்தில் மேடமும் அதற்கு மேல் பார்க்கவில்லை.

ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, நீ ஒரு தடவையாவது அடிக்கக் கூடாதா?"

"நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடிக்கிட்டு நிப்பேன் பாய். அதுக்குள்ள பெல் அடிச்சிடும். மூணு பேரு மார்க்கும் போயிடும்."

அவளுடைய அண்ணன் பாலிடெக்னிக்கில் அரியர் மேல் அரியர் வைத்துப் படிப்பைப் பாதியில் விட்டவன். அதனால் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்: "ஒண்ணுல ஃபெயில் ஆனாலும் வூட்டோட இருந்துக்க. ரெண்டாவது தடவ ஏமாற என்னால முடியாது." இதைச் சொன்னபோது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு ஹெச்.ஓ.டி. சாரிடம் போனேன். சாப்பாட்டு நேரத்தில் லேபைத் திறந்து வைக்கட்டுமா என்று கேட்டேன். அப்போதைய மவுசுக்கு அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அதைத் திருடிக்கொண்டு போகும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"போன மாசம் போன உருண்டைக்கே இன்னும் பதில் எழுதிக்கிட்டு இருக்கேன் பாய். நீங்க வேற," என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அடுத்த வாரம் அமுதா ஒரு காலண்டர் அட்டையைக் காட்டினாள். பின்பக்கம் கீபோர்டு வரைந்திருந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்து அடித்துப் பழகுகிறாளாம்.

"எழுத்து, நம்பரு, பிராக்கெட்டு, செமிகோலனு, ஷிஃப்டு, என்டரு. நமக்கு வேணுங்கறத மட்டும் போட்டுக்கிட்டேன் பாய்."

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

3. பிராக்டிகல்

பரீட்சையில் ஒருவருக்கு ஒரு சிஸ்டம். அமுதா அன்றுதான் முதன்முதலாக ஒரு சிஸ்டத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தாள். வெளிக் காலேஜிலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். ரேவதி மேடம் பக்கத்து அறையில் வைவா கேட்டுக்கொண்டிருந்தார்.

எக்ஸாமினருக்கு டீ கொண்டு போகும்போது அவள் திரையைப் பார்த்தேன். எல்லாமே பெரிய எழுத்தில் இருந்தது. கீழே எர்ரர் வரிசை கட்டி நின்றது. கீபோர்டில் கேப்ஸ் லாக்கின் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. முந்தைய பேட்சில் யாரோ பேரைப் பெரிய எழுத்தில் அடித்துவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். பாஸ்வேர்டு போகவில்லை என்று யார் கத்தினாலும் நான் முதலில் பார்ப்பது அந்த லைட்டைத்தான். அமுதா அழித்து அழித்து அடித்தாள். திரும்பவும் பெரிய எழுத்தே வந்தது.

எக்ஸாமினரிடம் குனிந்து, "சார், அந்தப் பொண்ணு கீபோர்டுல லைட் எரியுது..." என்றேன்.

"பாய், டீ குடுக்க வந்தீங்களா, பரீட்ச எழுத வந்தீங்களா?"

பிறகு அவளிடம் போய்த் திரையைப் பார்த்தார். "இவ்ளோ எர்ரரா? செமஸ்டர் பூரா என்னம்மா பண்ணின?"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடத்திடம் சொல்லலாம் என்று நான் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பேப்பரை வைத்துவிட்டு அமுதா வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

"எங்கம்மா போற? வைவா இருக்கு."

"தப்பு எதுன்னு தெரியுது பாய். எல்லாம் சின்ன எழுத்தா இருக்கணும். எந்த பட்டன்னுதான் தெரியல."

பரீட்சையை விட்டு எழுந்தவளிடம் சொன்னால் குற்றமில்லை என்று, "கேப்ஸ் லாக்கும்மா. ஒரு தடவ அமுக்கினாப் போதும்," என்றேன்.

என்னையே பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். உள்ள வா, மேடம் கேக்கறதுக்கு நீ டக்கு டக்குன்னு சொல்லுவ."

"எந்த மொகத்த வெச்சிக்கிட்டு பாய் வர்றது?" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேடம் விஷயம் தெரிந்து ஓடிவந்தார். கேட் வரை ஆள் அனுப்பினோம். பஸ் போயிருந்தது. "வைவாவுல உக்காந்திருந்தாலே பாஸ் ஆகியிருப்பா பாய்," என்று சொல்லி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைவாவில் ஆப்சென்ட். ரிசல்ட் வந்தபோது அந்த ஒன்றில் மட்டும் ஃபெயில்.

4. டி.சி.

லீவு முடிந்து அமுதா வரவில்லை. அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். ஆபீசில் கையெழுத்துக்காகக் காத்திருந்தவரை டீ குடிக்கக் கூப்பிட்டேன்.

"அவளுக்குக் கம்ப்யூட்டர் வரலியாம் பாய். அவளே சொல்லிட்டா."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. அந்த வகுப்புலயே மூள உள்ள புள்ள அவதான். ஒரு பட்டன் தெரியாமப் போச்சு. திரும்ப எழுதிக்கலாம்."

"பட்டனா? எது? காட்டுங்க."

லேபைத் திறந்து ஒரு சிஸ்டத்தைப் போட்டுக் கீபோர்டைக் காட்டினேன். அவர் தடித்த விரலால் கேப்ஸ் லாக்கை அமுக்கினார். லைட் எரிந்தது. மறுபடி அமுக்கினார். அணைந்தது.

"இதையா அஞ்சு மாசமா யாரும் அவளுக்குச் சொல்லல?"

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"திரும்ப எழுதச் சொல்றீங்க. திரும்ப வந்தாலும் மூணு பேராத்தான உக்காரணும்?"

"ஆமாண்ணே."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஆபீஸ் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் டி.சி.யைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன். அறுந்த வலையைப் போலப் பிறகு முடிந்துகொள்ளலாம் என்றால் மனது ஆறும். இது அப்படி இல்லை.

அடுத்த வருஷம் ரேவதி மேடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். லேப் நேரம் பாதி ஆனதும் நான் பெல் அடிக்க வேண்டும். மூன்று பேரும் இடம் மாற வேண்டும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், புரோகிராம் முடியாமல் போகும். பரவாயில்லை என்பார் மேடம்.

லேபுக்கு வரும் தம்பி தங்கைகளே, அவுட்புட் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். யார் கை கீபோர்டில் படவே இல்லை என்று பாருங்கள். வாய்விட்டுக் கேட்காத பிள்ளைதான் முதலில் போய்விடும்.

அமுதா இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என் பிள்ளைகளின் பேரோடு அவள் பேரையும் சேர்த்துத்தான் துஆ கேட்கிறேன்.