சூடான ஹெட்டில் மூன்றாவது பிளக்

ஸ்பார்க் பிளக் கழன்று வந்துவிட்டது. அதன் மரைகளில் வெள்ளி நூல் சுற்றியதுபோல அலுமினியம் ஒட்டிக்கொண்டிருந்தது. நேரம் காலை 11.22. முப்பத்தொரு வருடமாகக் கார் எஞ்சின் வேலை பார்ப்பவன் நான். அந்த நூலைப் பார்த்த பிறகு என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மூன்றாவது சிலிண்டரின் மரை போய்விட்டது. போக்கியது என் கை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்றைய டைரிப் பக்கத்தில் நேரங்களை மட்டும்தான் குறித்திருக்கிறேன். மற்றதெல்லாம் ஞாபகத்திலிருந்து. கோபம் ஆறாததால் ஞாபகமும் மங்கவில்லை.

1. சிவப்பு எண்கள்

அப்போது நான் தேனாம்பேட்டையில் ஒரு சர்வீஸ் சென்டரில் சீனியர் டெக்னீஷியன். எல்லாக் கம்பெனிக் கார்களும் வரும். புதிதாக வந்த மேனேஜர் பிரதீப், கார் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். ஸ்பேனர் பிடித்ததில்லை. அது குற்றமில்லை. பிடித்தவர்களைக் கேட்காததுதான் குற்றம்.

அவர் வந்த இரண்டாவது வாரம் வாசலில் ஒரு பலகை ஏறியது: ‘பெட்ரோல் கார் டியூன்-அப் முப்பதே நிமிடத்தில்! தாண்டினால் கார் வாஷ் இலவசம்!’ வண்டியை ஏற்றி வேலை பார்க்கும் ஒவ்வொரு மேடையின் மேலும் சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரம் மாட்டினார்கள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தாலும் அது தெரியும்.

அன்றே போய்ச் சொன்னேன். “சார், ஓடி வந்த வண்டியில உடனே பிளக்கைக் கழட்டக் கூடாது. ஹெட்டு அலுமினியம். ஆறணும்.”

“எவ்ளோ நேரம் ஆறணும்?”

“ஒரு மணி நேரமாவது வேணும் சார்.”

“அப்ப போர்டுல ஒன்றரை மணி நேரம்னு போடவா? அடுத்த தெருவுல ஒருத்தன் இருபது நிமிஷம்னு போட்டிருக்கான் சேகர் சார்.”

“அவன் பிளக் கழட்டின ஹெட்டை யார் சார் போய்ப் பார்த்தா?”

“சரி, ஒரு ஃபேன் வெச்சுக்கோங்க.”

வைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி ஓரமாக நிறுத்துவார்களே, அந்த மாதிரி ஒரு ஃபேன். அது எங்களுக்கு நன்றாகக் காற்று வீசியது. எஞ்சின் சூடு குறையவில்லை.

காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளக்கின் உடம்பு இரும்பு; அது திருகி உட்காரும் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்மூடி, அலுமினியம். சூட்டில் அலுமினியம் இளகியிருக்கும், இரும்பு அதைக் கவ்வியிருக்கும். அந்த நிலையில் திருகினால் ஹெட்டின் மரையையும் உரித்துக்கொண்டு வரும். ஹெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ண முடிய வேண்டும். முடியாவிட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும். நான் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

2. மாரியின் வண்டி

மாரி டாக்ஸி டிரைவர். முன்பு அடையாறு ஆற்றோரத்தில் குடியிருந்தவர், இப்போது பெரும்பாக்கம். சொந்த வண்டி, பெட்ரோல் எஞ்சின்தான், ஆனால் கேஸில் ஓடுவது.

“ரெண்டு நாளா மிஸ்ஸிங்ணே. கத்திப்பாரா பாலம் ஏறசொல்லோ மாட்டு வண்டி கணக்கா போய்க்கினு கீது. சாயந்திரம் நாலு மணிக்குத் திருவான்மியூர்ல ஒரு ஃபேமிலிய ஏத்தணும், பாண்டிச்சேரி ட்ரிப்பு. கைக்கொழந்த கீது. பாத்து செஞ்சு குடு.”

11.05க்கு வண்டி மேடையில் ஏறியது. ஸ்டோரில் எடுத்துக் கொடுத்தது சாதாரணப் பெட்ரோல் வண்டிக்கான பிளக். மரை அதேதான், நீளமும் அதேதான், மாட்டினால் பொருந்தும். பொருந்துவதெல்லாம் சரியான பிளக் ஆகாது. கேஸில் சூடு அதிகம், பொறி தாண்டுவதும் கடினம். அதனால் இந்த வண்டிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் வேறு நம்பர், பொறி தாண்டும் இடைவெளியான கேப்பும் குறைவு. திருப்பி அனுப்பி, சரியான பிளக்கை வாங்கி, நான்கிலும் கேப்பை அளந்து முடிக்க ஐந்து நிமிடம் போயிற்று. அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் வெட்கப்படவில்லை. அடுத்த நிமிடங்களுக்குத்தான்.

11.14க்குப் பிளக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும் காயில்களைக் கழற்றினேன். கையை வைத்துப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பிரதீப் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

முதல் பிளக் வந்தது. இரண்டாவது கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்துக்கு எனக்கு அர்த்தம் தெரியும். தெரிந்தும் மூன்றாவதில் ஸ்பேனரை இறக்கினேன்.

3. ‘டாக்ஸி வண்டிதானே!’

பிரதீப் ஓடி வந்தார். பிளக்கைக் காட்டினேன்.

“ஏதாவது பேஸ்ட் போட்டு உக்கார வெக்க முடியாதா?”

“உக்காரும் சார். நிக்காது. வேகமா போகும்போது காயிலையும் உடைச்சுக்கிட்டு வெளிய அடிக்கும். வண்டி நடுரோட்ல நின்னுடும். கேஸ் வேற வெளிய வரும். உள்ள கைக்குழந்தை இருக்கப்போகுது.”

 பிரதீப் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “ஒண்ணு பண்ணுங்க. ஜாப் கார்டுல ‘வரும்போதே த்ரெட் டேமேஜ்’னு எழுதிடுங்க. டாக்ஸி வண்டிதானே சார், எங்கெங்கயோ கழட்டி மாட்டியிருப்பான். நாம சொன்னா நம்பிடுவான்.”

டாக்ஸி வண்டிதானே! பெரிய வண்டியில் வந்து இறங்கும் ஒருவரிடம் இதைச் சொல்ல இவருக்கு நாக்கு எழுமா? நாள் முழுக்க ஓட்டுகிற மனிதனுக்குத் தன் வண்டியின் ஒவ்வொரு சத்தமும் தெரியும். அவன் நம்புவான் என்று இவர் எதை வைத்து முடிவு செய்தார்? அவன் போட்டிருந்த டிரைவர் சட்டையை வைத்து.

ஜாப் கார்டில் எழுதினேன்: ‘எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றியதால் மூன்றாம் சிலிண்டர் மரை சேதம். கழற்றியவர் ரா. சேகர்.’ நேரமும் போட்டேன். அட்டையை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனேன்.

4. மாரி கேட்டது

“மாரி, வண்டி இன்னிக்குப் போகாது.”

“இன்னாண்ணே சொல்ற? பிளக்கு மாத்தத்தானே உட்டேன்?”

“சூட்டோட கழட்டிட்டேன். ஹெட்டுல த்ரெட் போயிடுச்சு. என் தப்பு. ஹெட்டை இறக்கி, லேத்துல குடுத்து, புது த்ரெட் போட்டு மாட்டணும். மூணு நாள் ஆகும்.”

அவர் எழுந்து நின்றார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். “பல்லு புடுங்க வந்தவன் தாடையப் பேத்துட்டு, மூணு நாள் குந்துன்றியா? நாலு மணிக்கு அந்த ஃபேமிலி மூட்டையோட ரோட்ல நின்னுக்கினு இருக்கும். நான் இன்னா பதில் சொல்றது?”

பிரதீப் உள்ளே நுழைந்தார். “பாஸ், வண்டி வரும்போதே கொஞ்சம் ப்ராப்ளம்…”

“நீ இரு சார். நான்தான் கெடுத்தேன்னு அவரே சொல்லிக்கினு கீறாரு. நீ இன்னா நடுவுல பூந்து என் வண்டிய நொட்ட சொல்ற?” மறுபடி என் பக்கம் திரும்பினார். “சூடா கீதுன்னு உனுக்குத் தெரியாதாண்ணே?”

“தெரியும்.”

“தெரிஞ்சே எதுக்குக் கழட்ன?”

 கடிகாரத்தையும் பலகையையும் கையால் காட்டினேன். அவர் கண்ணாடி வழியாகப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“வாட்டர் வாஷுக்கா? டெய்லி காலைல நான்தான்ணே வண்டிய கழுவறேன். எனுக்குக் கழுவத் தெரியாதா? ஒரு மணி நேரம் ஆவும்னு சொல்லியிருந்தா, இதே சேர்ல தூங்கியிருப்பேனே!”

அரை மணி நேரம் போனில் யார் யாரையோ கூப்பிட்டு, பாண்டிச்சேரி சவாரியை இன்னொரு டிரைவருக்கு மாற்றிவிட்டார். சாவியை என் கையில் கொடுக்கும்போது சொன்னார்: “கோவமாத்தான் கீது. ஆனா வேற எவன்கிட்டயும் உடமாட்டேன். நீயே மாட்டிக் குடு.” பிறகு பெரும்பாக்கம் பஸ் பிடிக்கப் போனார்.

5. கடைசியாக

மூன்றாம் நாள் ஹெட் ஏறியது. நான்கு பிளக்கையும் முதலில் விரலாலேயே திருகி, டார்க் ரெஞ்சால் சரியான இறுக்கம் வைத்தேன். மாரி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “இழுக்குது” என்றார். சிரிக்கவில்லை. சிரிக்க அவருக்கு ஒன்றும் இல்லை.

என்னை வீல் அலைன்மென்ட் பக்கம் மாற்றினார்கள். சில மாதத்தில் விலகி, இப்போது நங்கநல்லூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். அந்தப் பலகை இன்னும் அங்கே தொங்குகிறது என்று கேள்வி. இன்னும் எத்தனை ஹெட் போயிற்றோ, எத்தனை ஜாப் கார்டில் ‘வரும்போதே’ என்று எழுதியிருக்கிறார்களோ!

விலகும்போது கூட வேலை பார்த்த ஜோசப், “உண்மையைச் சொன்னீங்க பாருங்க, அது பெரிய விஷயம்ணே” என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. செய்த தவறை ஒத்துக்கொள்வது எப்போதிலிருந்து பெரிய விஷயம் ஆயிற்று? நான் செய்திருக்க வேண்டியது 11.14க்கு. கண்ணாடிக் கதவைத் திறந்து, ‘மாரி, எஞ்சின் சூடா இருக்கு, ஒரு மணி நேரம் ஆகும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது.