என் தங்கையின் கைகளை அளந்த வாரங்கள்

என் தங்கையின் கைகளை நான் கெடுத்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே. அவளுக்கு நன்மை செய்வதாகச் சொல்லி அவளுடைய மருந்தை நிறுத்தினேன். உண்மையில் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்!

இதைப் படித்த மாத்திரத்தில் நான் கொடியவன் என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். கட்டுங்கள்... தடுக்க மாட்டேன். ஆனால் கொடியவனுக்கு ஒரு கோபம் இருக்கும், ஒரு பகை இருக்கும். எனக்கு ஜெசிந்தாவின் மேல் எந்தப் பகையும் கிடையாது. எனக்கு இருந்தது ஆர்வம் மட்டுமே. அதைத்தான் என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

நான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். டிராக்டரில் வரும் கரும்பைப் பிழிந்து, சாற்றில் இனிப்பு எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று பார்ப்பது என் பிழைப்பு. சாற்றைத் தெளிய வைக்கப் புதிதாக ஏதாவது சேர்த்துப் பார்க்க வேண்டுமானால், ஒரே சாற்றை இரண்டு குப்பியில் ஊற்றுவோம். ஒன்றில் எல்லாவற்றையும் சேர்ப்போம். மற்றதில் அந்த ஒன்றை மட்டும் சேர்க்காமல் விடுவோம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். பதினேழு வருடங்களாக இப்படியே யோசித்துப் பழகிவிட்டேன்.

எனக்குச் சொரியாசிஸ். முழங்கைகளிலும் முழங்கால்களிலும் முதுகிலும் சிவந்த திட்டுகள், அவற்றின்மேல் வெள்ளைச் செதில்கள். சட்டையைக் கழற்றி உதறினால் தரையில் உதிரும். கள்ளக்குறிச்சித் தோல் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். இது யாருக்கும் ஒட்டாது, முழுக்கத் தீரவும் தீராது, அடக்கி வைத்துக்கொண்டு வாழலாம். ஒரு மாதத்தில் வளர வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து வெளியே வந்துவிடுகிறதாம்! அதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை. வியப்புதான் வந்தது. எதற்காக இந்த அவசரம்? முழங்கையின் வெளிப்பக்கம் மட்டும் ஏன்? உள்மடிப்பில் ஏன் இல்லை? மார்கழியில் பெருகுவது பங்குனியில் ஏன் பின்வாங்குகிறது?

ஒரு நீள நோட்டு வாங்கினேன். வாசனைச் சோப்பை நிறுத்திப் பயத்தம் மாவுக்கு மாறிய நாள், ஈரம் காயும் முன்னே தேங்காய் எண்ணெய் தடவிய நாள், பெட்ரோலியம் ஜெல்லி தடவிய நாள், புளி இல்லாத வாரம், கத்தரிக்காய் இல்லாத வாரம், பால் இல்லாத வாரம்... எல்லாவற்றையும் எழுதினேன். என் மனைவி ஒரு நாள், “உங்களுக்குச் சமைக்கறதுக்கு ஆஸ்பத்திரில சமைச்சிட்டுப் போலாம்ங்க” என்றாள். நியாயமான பேச்சுதான்.

இந்த நோய்க்கு நல்லது என்று சொல்லும் வெட்பாலை இலைக்காகக் கல்வராயன் மலைக்கே போனேன். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரர் ஒருவர் என்னோடு இறங்கி, ஓடைக்கரை மரத்தைக் காட்டிக்கொடுத்தார். நான் கத்தியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “இரும்பு படக்கூடாதுங்க. கையால கிள்ளுங்க. இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியாது, ஆனா படக்கூடாது.” இலைகளைக் கிள்ளி எடுத்து வந்து, கண்ணாடிச் சீசாவில் தேங்காய் எண்ணெய் ஊற்றி வெயிலில் வைத்தேன். பச்சை இலையிலிருந்து ஊதா நிறம் இறங்கியது! நாள் ஏற ஏற அது கருத்தது. மொட்டை மாடியில் முட்டி போட்டு அந்தச் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அபூர்வம்.

அந்த வருடத் தவக்காலத்தில் என் தோல் தெளிந்தது. கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. நாற்பது நாளும் கவிச்சி தொடவில்லை. வழக்கமாக நண்பர்களோடு குடிக்கும் பிராந்தியையும் விட்டேன். காலையில் இளவெயிலில் முதுகைக் காட்டி நின்றேன். ஊதா எண்ணெய் தடவினேன். கூடவே மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆயின்மெண்டையும் ஒரு வேளை தவறாமல் பூசிக்கொண்டேன். ஈஸ்டரன்று, உயிர்ப்பு ஞாயிறன்று, அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன்!

என்ன செய்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். பத்தியம் என்றேன், எண்ணெய் என்றேன், வெயில் என்றேன். ஆயின்மெண்டைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அதைச் சொன்னால் பெருமை மருத்துவருக்குப் போய்விடும். மலைக்குப் போனது, நோட்டு எழுதியது, சீசாவைக் காத்தது எல்லாம் வெறும் கிறுக்குத்தனமாகிவிடும். இவ்வளவு அற்பமான காரணம்தான். இதைவிடப் பெரிதாக ஒன்று இருக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

என் தங்கை ஜெசிக்கும் இதே நோய். அவளுக்கு உள்ளங்கையிலும் விரல்களிலும் வந்திருந்தது. உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பரிமாறிக்கொண்டிருந்தாள். பேருந்து நின்று கிளம்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில், ஒரு கையில் நான்கு தட்டு அடுக்கிக்கொண்டு மேசை மேசையாக ஓடுவாள். எந்த ஓட்டுநருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கணவனை இழந்து களமருதூரில் தனியாக இருந்தவளுக்கு அந்த ஓட்டல்தான் கலகலப்பு. கையில் செதில் தெரிய ஆரம்பித்ததும் முதலாளி அவளைப் பின்கட்டில் பாத்திரம் கழுவப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. “ஈஸ்டருக்கு அப்புறம் எதுத்தாப்ல புதுக் கடை தொறக்கறேன். கை சரியாச்சுன்னா பரிமாற்றவங்களுக்கெல்லாம் நீதான் மேற்பார்வை” என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மறுவருடம் தவக்காலத்துக்கு முந்தின வாரம் அவள் என்னிடம் வந்தாள். ஒரு பையில் ஆயின்மெண்ட் குழாய்கள் இரண்டு வைத்திருந்தாள். என் மருத்துவர் எழுதிக்கொடுத்தவைதான்.

“நீ எப்டிண்ணா சரியான? எனக்கும் சொல்லு. ஈஸ்டருக்குள்ள கை நல்லா ஆவணும்ணா.”

அந்த நொடியை நான் எத்தனையோ முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு. என்னைத் தெளிய வைத்தது எது? ஆயின்மெண்டை நிறுத்திப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஆனால் என் உடம்பில் அதை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. திரும்ப வந்துவிட்டால்? அரைக்கைச் சட்டை போய்விட்டால்? அப்போதுதான் ஜெசி எதிரே வந்து நின்றாள். ஒரே இரத்தம், ஒரே நோய், ஒரே நாற்பது நாள். இரண்டாவது குப்பி!

“ஆயின்மெண்ட் வேணாம். பத்தியமும் எண்ணெயும் போதும். நான் அப்டித்தான் சரியானேன்” என்றேன்.

அவள் இரண்டு குழாய்களையும் என் மேசைமேல் வைத்துவிட்டு, ஊதா எண்ணெயை வாங்கிக்கொண்டு போனாள். என்னுடையது அப்போது தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது... சொல்லிவிடுகிறேன். அவள் விட்டுச்சென்றதை எடுத்து நான் பூசிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் களமருதூருக்குப் போனேன். அவள் கையின்மேல் மெல்லிய எண்ணெய்த் தாளைப் போட்டு, திட்டுகளின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொள்வேன். வீட்டுக்கு வந்து அதைக் கட்டத் தாளின்மேல் வைத்துக் கட்டங்களை எண்ணுவேன். அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

“இன்னாண்ணா இது, நெலம் அளக்கற சர்வேயர் மாரி அளந்துகினு இருக்க? பட்டா யாரு பேர்ல போடப் போற?”

முதல் இரண்டு வாரம் செதில் குறைந்தது. எண்ணெயில் செதில் ஊறி உதிரும், அது இயல்பு. ஆனால் நான் துள்ளினேன்! எண்ணெய்தான், பத்தியம்தான், என் கண்டுபிடிப்புதான்! மூன்றாவது வாரம் கட்டங்கள் கூடியிருந்தன. இரண்டு முறை எண்ணினேன். உள்ளங்கை ஓரத்தில் வெடிப்புகள் விழுந்திருந்தன.

“சோப்புத் தண்ணில கைய வெச்சா உயிரு போவுதுண்ணா. ஜாஸ்தியாதான் ஆவுது. அந்த ஆயின்மெண்ட திரும்பப் போட்டுக்கட்டுமா?”

“உள்ள இருக்கறது வெளிய வருது. அப்புறம் தானா அடங்கிடும்” என்றேன்.

ஊரில் எல்லோரும் சொல்வது அது. நான் ஒருநாளும் நம்பியதில்லை. கையுறை வாங்கிக்கொடுக்கலாமா என்று யோசித்தேன், பாத்திரச் சோப்புப் படாமல் இருக்கும். பிறகு, நடுவில் இன்னொன்றைச் சேர்த்தால் சோதனை கெட்டுப்போகுமே என்று விட்டுவிட்டேன்... நீங்கள் இந்த வரியை மறுபடியும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என் தங்கையின் கை எரிந்துகொண்டிருந்தது, நான் சோதனை கெடக் கூடாது என்று நினைத்தேன்.

ஐந்தாவது வாரம் அவள் வலது கை நடுவிரலும் மோதிர விரலும் வீங்கிப்போயிருந்தன. மடக்க முடியவில்லை. அப்போதுதான் எண்ணெய்த் தாளை மடித்து வைத்தேன். அன்று ஞாயிறு. மறுநாள் விடிந்ததும் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். விரல்களைப் பார்த்ததும் மருத்துவரின் முகம் மாறியது. நோய் மூட்டுக்குள் இறங்கிவிட்டது, இனி மாத்திரை வேண்டும் என்றார். மருந்தில்லாமல் கையைச் சோப்பிலும் சூட்டிலும் வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும் என்றார்.

“ஆயின்மெண்ட யாரும்மா நிறுத்தச் சொன்னது?”

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். ஜெசி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நான்தான் சார் உட்டுட்டேன். தானா சரியாப்பூடும்னு நெனச்சேன்” என்றாள்.

மூட்டுக்கு எப்படியும் அது வந்திருக்கலாம், மருந்து போட்டிருந்தாலும் வந்திருக்கலாம் என்று பிறகு ஒருநாள் நான் தனியாகப் போய்க் கேட்டபோது மருத்துவர் சொன்னார். உறுதியாகச் சொல்ல முடியாதாம். எவ்வளவு ஆசையாக அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா? ஆனால் அது என்னைக் காப்பாற்றவில்லை. வெடித்த கைகளுக்கு அந்தப் பதில் பொருந்தாது. அவை நான் செய்தவை.

மாத்திரையிலும் ஆயின்மெண்டிலும் தோல் இப்போது ஓரளவு அடங்கியிருக்கிறது. மோதிர விரல் நிமிரவில்லை. நான்கு தட்டு அடுக்க அந்த விரல் வேண்டும். எதிரே புதுக் கடை திறந்தார்கள், வேறொரு பெண் மேற்பார்வை பார்க்கிறாள். ஜெசி நூறு நாள் வேலைக்குப் போகிறாள்.

அந்த வருட உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முன் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். குருவானவரிடம் பிராந்தியைப் பற்றிச் சொன்னேன், கோபத்தைப் பற்றிச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், போய் அவளிடம் சொல் என்றிருப்பார்.

போயும் பார்த்தேன். அந்த உயிர்ப்பு ஞாயிறு மதியமே, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக் களமருதூருக்குப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அவள் ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.”

“சொல்லு.”

“நீ அவ்ளோ கஷ்டப்பட்டு மலைக்கெல்லாம் போயி எண்ணெ செஞ்சிக் குடுத்த. நான்தான் கெடுத்துட்டேன். ரெண்டாவது வாரம் ஓட்டல்ல கருவாடு வறுத்தாங்க. வாசன தாங்கல... ஒரே ஒரு துண்டு வாயில போட்டுட்டேன்ணா. அதனாலதான் எனக்கு இப்டி ஆயிடுச்சு. உனக்குக் கேட்ட பத்தியம் எனக்குக் கேக்கல. பாவம் என்மேலதான்.”

அவள் அழுதாள். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்படியானால் இரண்டாவது வாரக் கணக்கு செல்லாதே என்று தோன்றியது! சத்தியமாக அதுதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது... சொல்ல வந்ததை இனிச் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி.

நான் அவள் தலைமேல் கை வைத்தேன். “சரி விடு. இனிமே அப்டிச் செய்யாத” என்றேன்.

நான் அவளை மன்னித்தேன்! நான்... அவளை!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனது லேசாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். அதன்பிறகு அவள் கருவாடு தொட்டதில்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்கு உயிர் அது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மனைவி பழைய வழக்கப்படி கருவாட்டுக் குழம்பு வைப்பாள். ஜெசி தன் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, கரண்டியை இடது கையில் பிடித்து, குழம்பை எடுத்து என் தட்டில் போடுவாள்.

நான் சாப்பிடுகிறேன்.