பெயிண்ட் அடிக்காத கார்

என் புருஷன் கட்டிலில் கிடந்தபடி போனில் ஒரு வெள்ளைக்காரன் தகரம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் மகளின் வீடு கூரையில்லாமல், கதவில்லாமல், இடுப்பளவுச் சுவரோடு வளவுக்குள் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன். அது மகளின் போன் என்பதால் தப்பியது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக் கொடுக்க வேண்டும். இது சரியா பிழையா என்று பள்ளிவாசல் தொடக்கம் ஃபேஸ்புக் வரைக்கும் எல்லாரும் கதைக்கிறார்கள். கதைத்துவிட்டுத் தங்கள் மகளுக்கு அத்திவாரம் போடப் போய்விடுகிறார்கள். நாங்களும் போட்டோம். நான் இருக்கிற வீடு என் உம்மா எனக்குத் தந்தது. அதற்குப் பக்கத்தில் முருங்கை நின்ற இடத்தைத் துப்புரவாக்கி மகளின் வீட்டைத் தொடங்கினோம்.

என் புருஷன் மேசன். சாய்ந்தமருதில் அவர் கை படாத தெரு இல்லை. ஊராரின் வீட்டையெல்லாம் கிழமை நாட்களில் கட்டுவார், மகளின் வீட்டை வெள்ளிக்கிழமையில் கட்டுவார். அதனால் அது வருடக்கணக்கில் இழுபட்டது. மகள் படித்து முடித்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போனாள். நிந்தவூரில் ஒரு நல்ல பிள்ளை, பாமசியில் வேலை, பேச்சு முடிந்தது. வீடு முடிந்ததும் நிக்காஹ் என்று இரண்டு பக்கமும் சம்மதித்தோம். அதற்குப் பிறகுதான் இவர் யாருடைய வீட்டு மாடிக்கோ பூசிக்கொண்டு நின்றபோது சாரத்திலிருந்து விழுந்தார்.

காலுக்குள் தகடு வைத்து அனுப்பினார்கள். இனி ஏணியில் ஏறக் கூடாது என்றார்கள். ஏணியில் ஏறக் கூடாது என்று சொன்னதை இந்த மனிசன் இனி எழும்பவே கூடாது என்று விளங்கிக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் அபாயா தைக்கிறவள். முன்னறையில் மெஷினை வைத்து, கிடைக்கிற ஓடரையெல்லாம் எடுத்து, அவரோடு முன்பு வேலை செய்த ஒரு கூட்டாளியைப் பிடித்து மகளின் சுவரை எழுப்பச் சொன்னேன்.

வலி மறக்கட்டும் என்று மகள் தன் போனை அவரிடம் கொடுத்தாள். கிரிக்கெட் பார்த்தார், மௌலவிமாரின் பயான் பார்த்தார், ஆடு வளர்ப்புப் பார்த்தார். ஒரு நாள் அந்தக் கார்க்காரன் வந்து சேர்ந்தான். எந்த நாடோ தெரியாது, வெளியே பனி கொட்டிக் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில். அதற்குள் பச்சைத் தொப்பி போட்ட கிழட்டு வெள்ளைக்காரன், உக்கிப்போன ஒரு பழைய காரை வைத்து, எந்தக் கம்பனியும் செய்யாத ஒரு புதுக் காரைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தான். பத்து வருடத்துக்கு மேலாகச் செய்கிறானாம். அவனுக்குப் பெண்சாதி இல்லையா என்று மகளிடம் கேட்டேன். இருக்கிறாளாம், இடைக்கிடை தேத்தண்ணி கொண்டுவருவாளாம். அந்தப் பொம்பளையின் பொறுமையை நினைக்க எனக்கு அவள் மீதும் கோபம் வந்தது.

ஆனால் மெஷின் இருந்த அறையும் அவர் கட்டில் இருந்த அறையும் ஒன்றுதான். காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? டக் டக் என்று நாள் முழுக்க அடிக்கிறான். ஒரு நாள் என்னதான் அடிக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். மட்கார்ட் செய்துகொண்டிருந்தான். முதலில் மட்டையில் அளவு வெட்டி, காரில் வைத்துப் பார்த்து, பென்சிலால் குறித்து, மறுபடி வெட்டி, அதன் பிறகுதான் தகரத்தில் கை வைத்தான். நான் துணியில் கத்தரி வைக்கும் முன்னர் பேப்பரில் வெட்டுவேன். தோள்மூட்டு ஒட்டாவிட்டால் பிரித்துத் திரும்பத் தைப்பேன். இவனும் வைத்துப் பார்க்கிறான், ஒட்டவில்லை, எடுத்து அடிக்கிறான், திரும்ப வைக்கிறான். ஏழாவதோ எட்டாவதோ தரம் அது போய்ச் சரியாகக் குந்தியது. எனக்கு மூச்சு வந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், எனக்கும் பொழுது போகும் என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் போனை என் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தார்.

அதோடு நானும் விழுந்தேன். முதலாவது வீடியோவிலிருந்து தொடங்கினோம். பின்னேரம் மகள் வந்து அவன் சொல்லும் இங்கிலிசைச் சொல்லித் தருவாள். கடைசியில் என்ன கலர் அடிப்பான் என்பதில் எங்களுக்குள் சண்டை. இவர் கறுப்பு என்றார், மகள் சிவப்பு என்றாள், அவன் தொப்பியைப் பார்த்து நான் பச்சை என்றேன். புது வீடியோ வர ஒரு மாதம் எடுக்கும். அந்த ஒரு மாதமும் அவன் பொனட்டை எப்படிப் பூட்டுவான் என்று சோறு தின்கிற நேரம்கூடக் கதைத்தோம். விழுந்த நாளிலிருந்து வாய் திறக்காத மனிசன் கதைத்தார். அதற்காகவே அந்தக் கார்க்காரனை மன்னித்தேன்.

ஒரு நாள் இவர் நெற்றியைச் சுருக்கினார். காரின் இடப்பக்கம் தூக்கி நிற்கிறது என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. அந்தக் கார்க்காரனுக்கே தெரியவில்லை, இன்னும் மூன்று நான்கு வீடியோவுக்கு அவன் சந்தோசமாக அடித்துக்கொண்டிருந்தான். எங்கோ பனிக்குள் நிற்கிற காரின் கோணல் கண்ணுக்குப் படுகிறது, பதினைந்து அடி நடந்தால் வருகிற மகளின் சுவரைப் போய்ப் பார்க்கக் கால் வரவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

பிறகு அந்த வீடியோ வந்தது. கார்க்காரன் முன்னாலிருந்து பின்னால் ஒரு நூலை இழுத்துக் கட்டினான். அதைப் பார்த்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தான். பிறகு எழும்பி வெட்டுகிற மெஷினை எடுத்து இடப்பக்கம் முழுவதையும் வெட்டினான். இரண்டு வருட வேலை, நாங்கள் ஒவ்வொரு துண்டாகப் பார்த்த வேலை, சரிந்து நிலத்தில் விழுந்தது. நான் அழுதேன். என்னுடைய தகரமா அது, ஆனாலும் அழுதேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் தந்த ஊன்றுகோல் எங்கே என்றார்.

விழுந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் மகளின் வீட்டுப் பக்கம் போனார். சுவர் அப்போது ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. சுவர் நேரா என்று பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்துவரச் சொன்னார். ஒரு சுவருக்குப் பிடித்தார், மற்றச் சுவருக்குப் பிடித்தார். கூட்டாளியும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இந்தப் பக்கத்த இடிக்கணும்” என்றார்.

இரவிரவாக நான் தைத்த தையல் அந்தச் சுவர்.

“அவன்ட தகரம், அவன் வெட்டுவான். இது என்ட மகள்ட ஊடு” என்றேன்.

“அதாலதான் செல்லுறன் புள்ள. நாளைக்கி கூரை ஏறினா இது நிக்காது.”

கூட்டாளி கோபித்துக்கொண்டு சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருப் பிள்ளைகளைப் பிடித்து இவர் அந்தப் பக்கச் சுவரை இடிப்பித்தார். நான் அவரோடு கதைக்கவில்லை, சோற்றை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அடுத்த வேலிக்காரி கல் விற்கப்போகிறீர்களா என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்னதை எழுத முடியாது.

இரண்டு மூன்று நாள் கழித்து, அஸர் தொழுதுவிட்டு, பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு அவர் சுவரடியில் போய் உட்கார்ந்தார். கலவை குழைக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் ஜன்னலால் பார்த்தேன். தானே குழைக்கப் பார்த்தார், மண்வெட்டி கைக்கு வரவில்லை. சீ, இந்த மனிசனோடு என்ன கோபம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். நான் சீமெந்து குழைத்தேன், நான் கல் எடுத்துக் கொடுத்தேன், அவர் இருந்தபடியே கட்டினார். முதல் நாள் அரை வரி கல் வைத்தார். கால் வீங்கிவிட்டது. மறுநாள் ஒரு வரி. அதற்குப் பிறகு மழை பெய்தால் ஒழிய ஒரு நாளும் ஒரு வரிக்குக் குறையவில்லை.

கை எட்டாத உயரம் வந்ததும் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோபித்துப் போன கூட்டாளி ஒரு காலையில் வந்து சாரம் கட்டினார். பிறகுதான் விளங்கியது, கார்க்காரன் இடப்பக்கத்தை வெட்டிய வீடியோவை இவர் அவருக்கு அனுப்பியிருக்கிறார். கூட்டாளி மேலே, இவர் கீழே கதிரையில் நூலைப் பார்த்தபடி. இப்படியே கூரையும் ஏறியது.

ஆனால் காலம் யாருக்காக நின்றது? நிந்தவூரிலிருந்து ஆள் வந்தது. பூச்சில்லை, தரைக்குச் சீமெந்தில்லை, உள்கதவில்லை. இடையில் சுவரை வேறு உடைக்கிறார்களாம். இந்த நெல் வேளாண்மை வெட்டி முடியும் வரைதான் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு தங்கள் பிள்ளைக்கு வேறு வழி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மாப்பிள்ளையின் வாப்பா சொல்லி அனுப்பியிருந்தார். மகள் பின்னேரங்களில் எங்களோடு வீடியோ பார்க்க வருவதை நிறுத்திவிட்டாள். அவள் சோற்றுக் கோப்பையைக் கழுவும்போது பாதிச் சோறு கோழிக்குப் போவதை நான் பார்த்தேன். இருந்தபடியே ஒரு நாளைக்கு ஒரு வரி வேலை செய்கிற மனிசனால் வேளாண்மை வெட்டுக்குள் ஒரு வீட்டை முடிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

அந்தக் கிழமைதான், வெட்டிய பக்கத்தைத் திரும்ப அடித்து முடித்து, கார் வெளியே வந்தது. பெயிண்ட் இல்லை, கண்ணாடி இல்லை, கதவு இல்லை. சுத்தியல் அடித்த தழும்பெல்லாம் தெரிகிறது. உட்காருவதற்கு ஒரு மரப்பெட்டி. கார்க்காரன் கொட்டிலைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினான், இருமியது, நின்றது, திரும்பப் பிடித்தது. பக்கத்தில் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தால் அந்தப் பொம்பளை, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு! தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். காற்று அவள் தலைமயிரை முகத்தில் அடிக்கிறது, சிரித்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அப்படியொரு சந்தோசம், அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. இவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு என்னிடம் சேர்ட்டை அயன் பண்ணித் தரச் சொன்னார்.

நிந்தவூருக்கு ஆட்டோவில் போனோம். அவரைப் பிடித்துக்கொள்ளவும், அவர் வாயைப் பிடித்துக்கொள்ளவும் நானும் போனேன். மாப்பிள்ளையின் வாப்பா வயல்காரர், சிரித்து நான் கண்டதில்லை. தேத்தண்ணி வந்தது. இரண்டு பேரும் மழையைப் பற்றி, நெல்லைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு இவர் போனை எடுத்து அவர் முன்னால் வைத்து, இதை ஒருக்கால் பாருங்கள் என்றார். யா அல்லாஹ், சம்பந்தி வீட்டில் போய்க் கார் வீடியோ காட்டுகிற மனிசனை எனக்குத்தான் கொடுத்தாய் என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் வாப்பா கடைசி வரை பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் உம்மாவும் வந்து நின்று பார்த்தார்.

“பொறகு பெயிண்ட் அடிச்சானா?” என்று அந்த வயல்காரர் கேட்டார்.

“இன்னம் இல்ல. ஓடிக்கிட்டே அடிப்பான்” என்றார் இவர். “எங்கட ஊடும் அப்பிடித்தான். சுவர் நேர். கூரை ஒழுகாது. மிச்சத்த நான் இருந்துகிட்டே முடிச்சிக் குடுப்பன். புள்ளைகள் வந்து இரிக்கட்டும்.”

அவர் தாடியைத் தடவினார். சுவரை உடைத்தது எதற்கு என்று கேட்டார். இவர் அதற்கும் ஒரு வீடியோ வைத்திருந்தார். கார்க்காரன் வெட்டுவதையும் அந்த மனிசர் பார்த்தார், கோணலான ஒரு பக்கச் சுவரைத்தான் உடைத்தோம் என்று இவர் சொன்னதையும் கேட்டார். நாங்கள் வீடு கட்டுவதையே விட்டுவிட்டோம் என்று ஊர் அவரிடம் சொல்லியிருந்ததாம். எனக்கு நெஞ்சு அடித்த அடி அந்தத் திரைச்சீலைக்கும் கேட்டிருக்கும்.

“கோணல்ல குடியிருக்க ஏலாதுதான்” என்றார் கடைசியில். “வேளாண்மை வெட்டி முடியட்டும். நாள் குறிப்பம்.”

ஆட்டோவில் ஏறியதும் நான் வாய்விட்டு அழுதேன். இவர் போனுக்கு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நிக்காஹ் முடிந்தது. வந்த சனம் பூசாத செங்கல்லைப் பார்த்துக் குசுகுசுத்தது, பார்த்துவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளை வந்து சேர்ந்த முதல் நாளே சேர்ட்டை எங்கே கொழுவுவது என்று தெரியாமல் கதவில்லாத நிலைச் சட்டத்தில் ஆணி அடித்தார். மகள் எங்கள் வீட்டில் காணாத சிரிப்பெல்லாம் அந்தச் சுவருக்குள் சிரித்தாள், எனக்கு மெஷினடிக்கே கேட்டது.

போன மாதம் ஒரு பின்னேரம் நான் தைத்துக்கொண்டிருக்கும்போது போனில் புது வீடியோ வந்தது. கார்க்காரன் முகமூடி போட்டுக் கையில் பெயிண்ட் துப்பாக்கியோடு நிற்கிறான். எத்தனை வருடம் காத்திருந்தோம்! மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலால் கூப்பிட்டேன், ஓடி வாருங்கள், அடிக்கப் போகிறான் என்று. இவர் மகளின் உள்ளறையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சுவர் பூசிக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

“என்ன கலர் எண்டு நீ பாத்துச் செல்லு புள்ள. கலவை காயிது.”

நான் தனியே இருந்து பார்த்தேன். நான் சொன்ன பச்சைதான்.